அடுத்த நாட்டுத் தேர்தலுக்கு இங்கே எதற்கு லீவு?

2008 நவம்பர் 6, வியாழக்கிழமை, கென்யா முழுக்க அரசு விடுமுறை. கென்யாவில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை, தலைவர் யாரும் இறக்கவில்லை, பண்டிகையும் கிடையாது. அமெரிக்காவில் பராக் ஒபாமா ஜெயித்திருந்தார், அவ்வளவுதான். ஜெயித்த நாடான அமெரிக்காவில் அன்றைக்கு எல்லாரும் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். அங்கே வாக்குப்பதிவு நாளுக்கே மத்திய அரசு விடுமுறை கிடையாது.

யார் வீட்டு எழவோ பாய் போட்டு அழு என்று நம்மூரில் ஒரு சொலவடை உண்டு. இது அதன் தலைகீழ்: யார் வீட்டுக் கல்யாணமோ, பந்தல் போட்டு ஆடு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகத்தில் எங்கேயாவது ஒரு ஊர் இப்படி ஆடுகிறது, அல்லது தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறது. அந்த ஊரில் ஒருத்தருக்கும் அமெரிக்காவில் ஓட்டு இருக்காது. ஏன் இப்படி என்று ரொம்ப நாளாகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

கென்யா பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒபாமாவின் அப்பா அந்த ஊர்க்காரர், விக்டோரியா ஏரிப் பக்கம் கொகேலோ என்ற கிராமம், 'நம்ம பையன்' ஜெயித்தான், ஆடினார்கள். தப்பில்லை. ஆனால் இது பாதி விளக்கம்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்குப் பத்து மாதம் பின்னால் போகவேண்டும்.

2007 டிசம்பர் 27. கென்யாவில் ஜனாதிபதித் தேர்தல். பதவியில் இருந்த ம்வாய் கிபாகி கிகுயு இனத்தவர். எதிர்த்து நின்ற ரைலா ஒடிங்கா லுவோ இனத்தவர். எண்ணிக்கை தொடங்கியபோது ஒடிங்கா நன்றாக முன்னிலையில் இருந்தார். பிறகு முன்னிலை கரைந்தது. 30-ஆம் தேதி கிபாகி வென்றதாக அறிவித்தார்கள். அறிவித்த கொஞ்ச நேரத்திலேயே, இருட்டுகிற வேளையில், ஜனாதிபதி மாளிகையில் அவசர அவசரமாகப் பதவியேற்பு நடந்தது. தொலைக்காட்சி, வானொலி நேரடி ஒளிபரப்புக்கு அன்றே தடை. இதில் உச்சம், தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு அடுத்த சில நாட்களில் கொடுத்த பேட்டி. உண்மையில் யார் ஜெயித்தார் என்று தனக்கே தெரியாது என்றார் மனிதர்.

அதற்குப் பிறகு நடந்தது படிக்கவே கஷ்டமாக இருக்கும். எல்டோரெட் அருகே கியம்பாவில் கிகுயு மக்கள் ஒரு தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். 2008 ஜனவரி 1 அன்று அதற்குத் தீ வைத்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். இன்னொரு பக்கம் லுவோக்களின் ஊரான கிசுமுவில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. பின்னால் விசாரித்த நீதிபதி வாக்கி தலைமையிலான ஆணையத்தின் கணக்கில் மொத்தச் சாவு ஆயிரத்து நூறைத் தாண்டியது. லட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். கோஃபி அன்னான் வந்து உட்கார்ந்து பேசிப் பேசி, பிப்ரவரி 28 அன்று இரண்டு பேரையும் கையெழுத்துப் போட வைத்தார். கிபாகி ஜனாதிபதியாகத் தொடர்வார், ஒடிங்காவுக்குப் புதிதாக ஒரு பிரதமர் பதவி.

இப்போது நவம்பர் 5 காலைக்கு வாருங்கள். நைரோபியில் காலை ஏழு மணி, அமெரிக்கக் கிழக்குக் கரையில் முந்தைய இரவு பதினொன்று. ஒபாமா வென்றார் என்று தொலைக்காட்சிகள் சொல்கின்றன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தோற்ற ஜான் மெக்கெய்ன் அரிசோனாவில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். கூட்டத்தில் சிலர் ஒபாமா பெயரைக் கேட்டுக் கூச்சல் போட, கையை உயர்த்தி அடக்குகிறார். எதிராளியின் வெற்றி கறுப்பின மக்களுக்கு எவ்வளவு பெரியது என்பதையும் அவர் வாயாலேயே சொல்கிறார்.

நமக்கு இது சடங்கு மாதிரி. பத்து மாதம் முன்பு ஒளிபரப்பைத் தடை செய்துவிட்டுப் பதவியேற்ற நாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அப்படி இருந்திருக்காது. தோற்றவன் தானாக வந்து "தோற்றேன்" என்று சொல்கிறான், அவன் ஊரில் யாரும் யார் வீட்டையும் கொளுத்தவில்லை. கிசுமுவில் பெரிய திரையில் விடிய விடியப் பார்த்தவர்கள் ஒரு அமெரிக்கத் தேர்தலை மட்டும் பார்க்கவில்லை, அப்படி ஒன்று எப்படி நடந்து முடியவேண்டும் என்பதையும் பார்த்தார்கள். அதற்கு மறுநாளை விடுமுறையாக அறிவித்தவர் யார் என்றால், சாட்சாத் அதே கிபாகிதான்.

அப்போது கென்யாவில் சுற்றிய ஒரு ஜோக்: ஒரு லுவோ ஜனாதிபதி ஆகணும்னா கென்யாவைவிட அமெரிக்காவில் சீக்கிரம் ஆகலாம். சிரிப்புக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் முதல் துணை ஜனாதிபதி ஒகிங்கா ஒடிங்கா, ரைலாவின் அப்பா. ஜோமோ கென்யாட்டாவுடன் முட்டிக்கொண்டு 1966-இல் விலகினார். 1969 ஜூலை 5 அன்று அமைச்சர் டாம் ம்போயா நைரோபி தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஜனாதிபதி என்று பலரும் எதிர்பார்த்த லுவோ அவர். அதே வருடம் அக்டோபரில் கென்யாட்டா கிசுமுவுக்கு ஒரு மருத்துவமனையைத் திறக்க வந்தார். கூட்டம் எதிர்த்துக் கத்தியது, காவலர்கள் சுட்டார்கள், பலர் செத்தார்கள். பெரிய ஒடிங்கா சிறைக்குப் போனார்.

இந்த வரிசையில் இன்னொருவர் பெயரும் உண்டு. 1959-இல் ஹவாய்க்குப் படிக்கப்போய், பொருளாதார நிபுணராகத் திரும்பி வந்து அரசாங்க வேலையில் சேர்ந்த பராக் ஒபாமா, மூத்தவர். 1965-இல் அரசின் பொருளாதாரக் கொள்கையை விமர்சித்துக் கட்டுரை எழுதினார். ம்போயாவுக்கு நெருக்கமானவர். கொலை வழக்கில் சாட்சி சொன்னார். கென்யாட்டா ஆட்சியோடு ஒத்துப்போகாமல் வேலை போனது, குடி பெருகியது, 1982-இல் கார் விபத்தில் இறந்தார். ஆக, கென்யாவில் எந்தக் கதவு அப்பனுக்கு மூடப்பட்டதோ, அதைவிடப் பெரிய கதவு மகனுக்கு வேறு நாட்டில் திறந்தது. லுவோக்கள் ஆடியது இதற்காகவும்தான். ரைலா ஒடிங்கா ஒரு படி மேலே போய், ஒபாமாவின் அப்பா தனக்குத் தாய்மாமன் முறை என்றே பிபிசியிடம் சொல்லியிருந்தார். ஒபாமாவின் உறவினர் ஒருவர் அதை மறுத்தார் என்பது வேறு விஷயம்.

(ரைலா அதன் பிறகு 2013, 2017, 2022 என்று மூன்று முறை நின்றார். ஒரு முறையும் கிடைக்கவில்லை. 2025 அக்டோபரில் ஆயுர்வேத சிகிச்சைக்குக் கேரளத்தில் கூத்தாட்டுக்குளம் வந்த இடத்தில் இறந்துபோனார். இன்று வரை ஒரு லுவோ கென்யாவில் ஜனாதிபதி ஆகவில்லை.)

என் வாதத்துக்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு கருத்துக்கணிப்பு. பியூ ஆய்வு மையம் பல நாடுகளில் "அமெரிக்காவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டா?" என்று தொடர்ந்து கேட்டு வருகிறது. ஜெர்மனியில் 2008-இல் 'உண்டு' என்றவர்கள் 31 சதவீதம். 2009-இல் 64. பிரான்ஸில் 42-இலிருந்து 75. அதாவது ஒபாமா வந்ததும் அமெரிக்காவைப் பற்றிய மனசே மாறிவிட்டது. கென்யாவில்? 2007-இல் 87, 2009-இல் 90. கிட்டத்தட்ட அசையவில்லை. உலகத்திலேயே அதிகமாக ஆடிய நாட்டில் அமெரிக்கா பற்றிய அபிப்பிராயம் மூன்று புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. புஷ் காலத்திலேயே அவர்களுக்கு அமெரிக்கா மேல் குறை இல்லை. அப்படியானால் அந்த ஆட்டம் அமெரிக்காவைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது இல்லையா?

இன்னொரு பக்கமும் பாருங்க. இஸ்ரேலில் அதே கேள்விக்கு 2007-இல் 78, 2009-இல் 71. பாகிஸ்தானில் 19-இலிருந்து 16. உலகமே கொண்டாடியது என்று பத்திரிகைகள் எழுதிய வருடத்தில் இந்த இரண்டு இடத்தில் இறங்கியிருக்கிறது. இஸ்ரேல்காரருக்குக் கவலை ஈரான். பாகிஸ்தான்காரருக்கு எல்லையில் விழுகிற டிரோன் குண்டு, அது ஒபாமா வந்தபின் அதிகமானது. எட்டு வருடம் கழித்து டிரம்ப் வந்தபோது கதை அப்படியே திரும்பியது. 'ஜனாதிபதி மேல் நம்பிக்கை உண்டா' என்று கேட்ட பெரும்பாலான நாடுகளில் சரிவு. இஸ்ரேலிலும் ரஷ்யாவிலும் மட்டும் ஏற்றம், ரஷ்யாவில் 11-இலிருந்து 53. ரஷ்ய நாடாளுமன்றத்தில் டிரம்ப் வெற்றிச் செய்தியைக் கேட்டு உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அதே இரவில் மெக்சிகோவின் பெசோ சரிந்து டாலருக்கு 20-ஐத் தாண்டியது. மெக்சிகோக்காரர் ரோட்டுக்கு வந்தாரோ இல்லையோ, அவருடைய பணம் ஓட்டம் பிடித்தது!

ஐரோப்பாவில் 2008-இன் உற்சாகத்துக்குக் காரணம் ஒபாமா என்பதைவிட புஷ் போனது என்பதே சரி. பெர்லினில் ஜூலை 24 அன்று, வேட்பாளராக இருக்கும்போதே, ஒபாமா பேச்சைக் கேட்க இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். ஓட்டுப் போட முடியாத இரண்டு லட்சம் பேர்! இராக் போர் ஜெர்மனியில் எவ்வளவு வெறுக்கப்பட்டது என்பது தெரிந்தால் ஆச்சரியம் இருக்காது. இந்த உற்சாகத்தின் மிகப் பெரிய வெளிப்பாடு ஆஸ்லோவில் வந்தது. 2009-க்கான அமைதி நோபல். பரிந்துரைக்குக் கடைசித் தேதி பிப்ரவரி 1, ஒபாமா பதவியேற்றது ஜனவரி 20. நடுவில் பன்னிரண்டே நாள். அக்டோபர் வரை அவர் செய்ததையும் பார்த்துத்தான் கொடுத்தோம் என்று குழு சொன்னாலும், ஒரு தேர்தல் முடிவுக்குக் கொடுத்த பரிசு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒபாமாவே கொஞ்சம் நெளிந்துதான் வாங்கினார்.

வெளிநாட்டார் வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல் கையை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2004-இல் லண்டன் கார்டியன் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. ஒஹாயோ மாநிலத்தில் கிளார்க் என்ற மாவட்டம். 2000 தேர்தலில் அங்கே அல் கோர் வெறும் 324 ஓட்டில் முந்தியிருந்தார். அந்த மாவட்ட வாக்காளர்களின் பெயர், முகவரியை வாசகர்களுக்குக் கொடுத்து, நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த பதில்களை அச்சில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் வேலையைப் பார்க்க எங்களுக்குத் தெரியும், உங்கள் ராஜாவிடமிருந்து விடுதலை வாங்கியே இருநூறு வருடம் ஆச்சு என்கிற ரகம். கிளார்க் மாவட்டம் அந்த முறை புஷ் பக்கம் சாய்ந்தது. கடிதம்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் உதவவில்லை என்பது உறுதி. முடிவு வந்ததும் டெய்லி மிரர் முதல் பக்கத்தில் 59,054,087 பேர் எப்படி இவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்று கேட்டது. எண்ணிக்கை அப்போது முடியவில்லை. கடைசியில் புஷ் வாங்கியது சுமார் 6 கோடியே 20 லட்சம். அதே டோனி பிளேருக்கு, அந்தப் போரில் கூட நின்றவருக்கு, ஆறு மாதத்தில் பிரிட்டிஷ் மக்கள் மூன்றாவது முறையாக ஆட்சியைக் கொடுத்தார்கள். மிரரும் ஆதரித்தது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வீட்டில் கேட்க முடியாத கேள்வியைப் பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கேட்பது சுலபம்.

ஜப்பானில் ஃபுகுயி மாகாணத்தில் ஒபாமா என்றே ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. பெயருக்குச் சின்னக் கடற்கரை என்று பொருள். 2008-இல் முப்பதாயிரம் சொச்சம் ஜனம், அரக்குப் பூச்சுச் சாப்பாட்டுக் குச்சிக்குப் பேர் போன ஊர். பெயர்ப் பொருத்தம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆதரவுச் சங்கம் ஆரம்பித்தார்கள், ஒபாமாவுக்குக் குச்சி அனுப்பினார்கள், அவர் ஹவாயில் பிறந்தவர் என்று உள்ளூர்ப் பெண்கள் ஹூலா நடனம் கற்றுக்கொண்டு முடிவு வந்த அன்று ஆடினார்கள். சுத்தமான வியாபாரத் தமாஷ் என்று கடந்து போயிருப்பேன். ஆனால் அதே ஊருக்கு வேறொரு கதையும் இருக்கிறது. 1978-இல் அந்த ஊர்க் கடலோரத்திலிருந்து நிச்சயிக்கப்பட்ட ஒரு இளம் ஜோடியை வடகொரிய உளவாளிகள் கடத்திப்போனார்கள். இருபத்துநாலு வருடம் கழித்து 2002-இல்தான் திரும்பினார்கள். ஜப்பான் முழுக்க இன்னும் திரும்பாதவர்களின் குடும்பங்கள் இருந்தன. 2008 அக்டோபரில், அமெரிக்கத் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகள் பட்டியலிலிருந்து வடகொரியாவை புஷ் அரசு எடுத்துவிட்டது. அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய அடி. கேமராக்கள் ஹூலாவைப் படம் பிடித்தன. அடுத்த அமெரிக்க ஜனாதிபதி யார் என்பதில் நிஜமான கவலை கொண்டவர்களும் அந்த ஊர்க் கதையில் இருக்கிறார்கள் என்பது செய்திகளில் பெரிதாக வரவில்லை.

நம்மூர்க் கணக்கும் ஒன்று உண்டு. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த ஊர். 2020-இல் கோலம், வெடி, இனிப்பு. அங்குள்ள தர்ம சாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர் செதுக்கிய கல்லில் கமலா ஹாரிஸ் பெயரும் இருக்கிறது. கோபாலன் குடும்பம் ஊரை விட்டுப்போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வெடி வெடித்தவர்களில் அநேகமாக யாரும் ரத்த சொந்தம் கிடையாது. ஆனாலும் 'எங்க ஊர்ப் பொண்ணு'. ஊர் என்பதே இங்கே ஒரு உறவுமுறை என்பது தெரிந்தவருக்கு இதில் ஆச்சரியமில்லை. 2024-இல் மறுபடி அபிஷேகம் நடந்தது, முடிவு வேறு மாதிரி வந்தது, ஊர் அமைதியாகிவிட்டது. அதே நாள் ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் வட்லூரு என்ற கிராமத்தில் கொண்டாட்டம். துணை ஜனாதிபதியாகத் தேர்வான வான்ஸின் மனைவி உஷாவின் முன்னோர் ஊர் அது. இரண்டு ஊரிலும் சாமி கும்பிட்டிருந்தார்கள். இரண்டு ஊரிலும் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி வித்தியாசம் பற்றி யாரும் பேசியதாக நான் படிக்கவில்லை.

ஆக எல்லாமே உள்ளூர்க் கதைதான், அமெரிக்க முடிவு வெறும் சாக்கு என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. அந்த முடிவு நிஜமாகவே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்கிறது. ஆட்டம் நடந்த வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. மறுபடி கென்யாவுக்கே போகிறேன்.

ஒபாமா ஜெயித்ததும் கொகேலோவுக்கு மின்சாரம் வந்தது. கொடுத்தது கென்ய அரசு. ஒபாமா ஜனாதிபதியாக சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு முதலில் போனது எங்கே? 2009 ஜூலையில் கானாவுக்கு. ஒழுங்காகத் தேர்தல் நடத்துகிற நாடு என்பதால். கென்யாவில் பலருக்கு மனசு சுருங்கியது. தேர்தல் கலவரத்தைத் தூண்டியதாக ஹேக் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம்சாட்டப்பட்ட உஹுரு கென்யாட்டா 2013-இல் ஜனாதிபதி ஆனார். அந்த வழக்கை 2014 டிசம்பரில் வழக்குத் தொடுத்த தரப்பே கைவிட்டது. அதன் பிறகு, 2015 ஜூலையில்தான் ஒபாமா ஜனாதிபதியாகக் கென்ய மண்ணில் கால் வைத்தார். லீவு விட்ட நாடு ஆறரை வருடம் காத்திருந்தது.

அதற்கு முன்பே, யாரும் ஆடாத ஒரு அமெரிக்கத் தேர்தலின் விளைவு அங்கே வந்து இறங்கியிருந்தது. 2003-இல் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் அவசர நிதித் திட்டம், பெப்ஃபார். ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர். முதலில் தேர்ந்தெடுத்த பதினைந்து நாடுகளில் கென்யாவும் ஒன்று. அங்கே எச்.ஐ.வி. மிக அதிகம் உள்ள பகுதி லுவோக்கள் வாழும் ஏரிக்கரை மாவட்டங்கள்தான். செனட்டராக 2006-இல் வந்த ஒபாமாவும் மிஷெலும் கிசுமுவில் எல்லார் முன்னாலும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டது அதனால்தான். பெர்லினில் வெறுக்கப்பட்ட புஷ் காலத்தில் கென்யாவில் 87 சதவீதம் வந்ததற்கு இந்த மாத்திரைகளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

2024 நவம்பர் 6 அன்று கென்யாவில் லீவு கிடையாது. டிரம்ப் ஜெயித்ததற்கு ஆடவும் இல்லை, அழவும் இல்லை, சாதாரண புதன்கிழமை. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்றவுடனே வெளிநாட்டு உதவியைத் தொண்ணூறு நாள் நிறுத்தி வைக்கும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார். சில நாளில் அமெரிக்க நிதியில் ஓடிய திட்டங்களுக்கு 'வேலையை நிறுத்து' என்ற கடிதம் போனது. உயிர் காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டு என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் கென்யாவில் பல எச்.ஐ.வி. மையங்களில் கதவைச் சாத்தியாகிவிட்டது. மருந்து எடுத்துக் கொடுப்பவர், ரத்தம் பரிசோதிப்பவர், மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடி வீடு வீடாகப் போகிறவர் என்று ஏராளமானோருக்கு அந்த மாதச் சம்பளத்தோடு வேலை முடிந்தது.